'பாட்டி வருது' என்றால் யார் வருகிறார்? குழந்தையின் கழிப்பறைப் பழக்கத்துக்குப் படப் புத்தகம் தேர்ந்தெடுப்பது எப்படி?

"பாட்டி வருது!"

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, மும்பை செம்பூரில் எங்கள் வீட்டு ஹாலில் நின்றுகொண்டு இரண்டரை வயது மகள் இப்படிக் கத்தினாள். சோபாவில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த என் மாமியார், "இங்கேதானே இருக்கேன், எங்கே வரணும்?" என்று கேட்டார். அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு எழுந்து வருவதற்குள் விஷயம் முடிந்துவிட்டது.

குழந்தை கூப்பிட்டது பாட்டியை அல்ல. பிளேஸ்கூலில் கற்றுக்கொண்டு வந்த ஆங்கில 'பாட்டி'யை. தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றுதான். (தாராவியில் திருநெல்வேலிப் பக்கத்து வீடுகளில் பாட்டியை 'ஆச்சி' என்று கூப்பிடுவார்கள். அங்கே இந்தச் சிக்கல் வராது.)

அன்று மாலையே ஆன்லைனில் மூன்று படப் புத்தகங்களை ஆர்டர் செய்தேன். மூன்றுமே வெளிநாட்டுப் புத்தகங்கள், மூன்றுமே அழகு. மகளுக்கும் பிடித்துப்போனது. நாலாவது நாள் அவளே பாத்ரூமுக்குள் போய்ச் சுவரைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். "இங்கே பேப்பர் எங்கே?" என்று கேட்டாள். புத்தகத்தில் வரும் குழந்தை டாய்லெட் பேப்பரால் துடைத்துக்கொள்கிறது. எங்கள் வீட்டில் இருப்பது ஒரு பக்கெட்டும் நீல நிற மக்கும்தான்.

அந்தக் கேள்விதான் இந்தக் கட்டுரைக்கே காரணம். உங்கள் வீட்டில் 2 வயதை நெருங்கும் குழந்தை இருந்தால், புத்தகக் கடைக்குப் போகும் முன் உங்கள் வீட்டுக் கழிப்பறையை ஒருமுறை குழந்தையின் உயரத்தில் குனிந்து பாருங்கள். எந்தப் புத்தகம் வாங்குவது என்பதற்கான பாதி பதில் அங்கேயே இருக்கிறது.

படப் புத்தகத்தால் என்ன முடியும், என்ன முடியாது?

முதலில் எதிர்பார்ப்பைச் சரிசெய்துகொள்வோம். எந்தப் புத்தகமும் டயப்பரைக் கழற்றிவிடாது. அடக்கிக்கொள்வதும் சரியான நேரத்தில் விடுவதும் நரம்புகளும் தசைகளும் முதிரும்போது வருகிற திறன். அதை அவசரப்படுத்த முடியாது.

ஆனால் புத்தகம் மூன்று வேலைகளைச் செய்யும். ஒன்று, உடம்பில் நடப்பதற்கு ஒரு சொல்லைக் கொடுக்கும். இரண்டு, 'முதலில் இது, அடுத்து அது' என்ற வரிசையை மடியில் உட்கார்ந்தபடியே ஒத்திகை பார்க்க வைக்கும். மூன்று, பயத்தைப் பற்றிப் பேச ஒரு சாக்கு கொடுக்கும்.

இரண்டாவது வேலைக்கு ஆய்வு ஆதாரம் இருக்கிறது. 2006-ல் கேப்ரியல் சிம்காக், ஜூடி டெலோச் என்ற இரு உளவியலாளர்கள் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். 18, 24, 30 மாதக் குழந்தைகளுக்கு, ஒரு கிலுகிலுப்பையைப் படிப்படியாகச் சேர்த்துச் செய்வது எப்படி என்று காட்டும் சின்னப் படப் புத்தகத்தை வாசித்துக் காட்டினார்கள். பிறகு நிஜப் பாகங்களைக் கையில் கொடுத்தார்கள். புத்தகத்தில் பார்த்ததைக் குழந்தைகளால் நிஜத்தில் செய்ய முடிந்தது. வயது கூடக் கூட நன்றாகச் செய்தார்கள். முக்கியமான விஷயம் இது: படம் நிஜப் பொருளைப்போல இருந்தால் இன்னும் நன்றாகச் செய்தார்கள். கோட்டோவியத்தைவிட வண்ணப் புகைப்படத்துக்குப் பலன் அதிகம்.

யானைக்குட்டியும் கரடிக்குட்டியும் டவுசர் போட்டு வரும் புத்தகங்கள் பற்றி? டொரண்டோவில் நிக்கோல் லார்சன், காங் லீ, பாட்ரீசியா கானியா ஆகியோர் 4 முதல் 6 வயதுக் குழந்தைகளிடம் பகிர்ந்துகொள்வது பற்றிய கதையை வாசித்துப் பார்த்தார்கள். மனிதர்கள் வரும் கதையைக் கேட்ட குழந்தைகள் அதன் பிறகு அதிகம் பகிர்ந்தார்கள். மனிதரைப்போல உடுத்திய விலங்குகள் வரும் அதே கதையைக் கேட்டவர்களிடம் அந்த மாற்றம் இல்லை. அது வேறு வயது, வேறு பழக்கம்தான். ஆனாலும் சுட்டிக்காட்டும் திசை ஒன்றே: 'இது என்னைப் பற்றியது' என்று குழந்தைக்குத் தோன்றினால்தான் கதை நடத்தைக்குள் இறங்குகிறது.

எந்த வயதில் ஆரம்பிக்கலாம்?

இதில் எல்லா வீட்டிலும் ஒரு வாக்குவாதம் நடக்கும். "உன்னை எட்டு மாசத்திலேயே பழக்கிட்டேன்" என்பார் அம்மா. "டாக்டர் ரெண்டு வயசு வரைக்கும் அவசரப்படாதேன்னு சொல்றாரே" என்பீர்கள் நீங்கள். இரண்டு பேரும் சொல்வது சரியாக இருக்க வாய்ப்பு உண்டு. ஏனென்றால் இரண்டு பேரும் அளப்பது வேறு வேறு.

அமெரிக்கக் குழந்தை மருத்துவர் பெர்ரி பிரேசல்டன் 1962-ல் 1,170 குழந்தைகளின் பதிவுகளை வெளியிட்டார். குழந்தை தயாராகும் வரை காத்திருந்து பழக்கியபோது, பகல் நேரப் பழக்கம் சராசரியாக 28.5 மாதத்தில் வந்தது. இன்று உலகம் முழுக்க மருத்துவர்கள் சொல்லும் 'அவசரம் வேண்டாம்' என்ற அறிவுரைக்கு இது ஒரு முக்கிய வேர்.

1977-ல் அதே மருத்துவ இதழில் இன்னொரு ஆய்வு வந்தது. கிழக்கு ஆப்பிரிக்காவின் டிகோ சமூகத்தில், பிறந்த சில வாரங்களிலேயே தாய் குழந்தையைக் குறிப்பிட்ட நிலையில் பிடித்துக்கொண்டு ஒலி எழுப்பிப் பழக்குகிறார், 5, 6 மாதத்திலேயே பலன் கிடைக்கிறது என்று அது சொன்னது. படிக்கும்போதே உங்கள் பாட்டி ஞாபகத்துக்கு வருவார். இரண்டு காலையும் நீட்டி, பாதங்களுக்கு நடுவே குழந்தையை உட்காரவைத்து 'ஸ்ஸ்ஸ்' என்பாரே, அதேதான்.

பாட்டி அளந்தது: பெரியவர் குழந்தையின் குறிப்பை அறிந்து சரியான நேரத்தில் உட்காரவைப்பது. மருத்துவர் அளப்பது: குழந்தை தானே உணர்ந்து, சொல்லி, நடந்துபோய், உட்கார்ந்து, திரும்பி வருவது. முதலாவதற்கு நாள் முழுக்க ஒரு ஆள் கூடவே இருக்க வேண்டும். இருவரும் லோக்கல் டிரெயின் பிடித்து வேலைக்குப் போகும் வீட்டில் இரண்டாவதுதான் நடைமுறை. படப் புத்தகம் உதவுவதும் இரண்டாவதற்குத்தான்.

தயார்நிலைக்கான அறிகுறிகள் இவை: ஒரே நேரத்தில் இரண்டு மணி நேரமாவது டயப்பர் காய்ந்திருக்கிறது, ஜட்டியைத் தானே இறக்கப் பார்க்கிறது, சின்னச் சின்ன வேலை சொன்னால் செய்கிறது, கக்கா வரும்போது திரைச்சீலைக்குப் பின்னாலோ கட்டிலுக்குப் பக்கத்திலோ போய் ஒளிந்துகொள்கிறது. பல குழந்தைகளிடம் இவை 18 முதல் 24 மாதத்துக்குள் தெரிய ஆரம்பிக்கும். சிலரிடம் தாமதமாகும். புத்தகத்தை அதற்கு ஒன்றிரண்டு மாதம் முன்பே கதையாக வாசிக்கத் தொடங்கலாம். பிளேஸ்கூல் அட்மிஷன் தேதி ஒரு அறிகுறி அல்ல.

எல்லோரும் சொல்லும் புத்தகங்கள் எதற்கு நல்லவை?

இந்த வகையில் உலகம் முழுக்கப் பேர் வாங்கிய சில புத்தகங்கள் உண்டு. ஒவ்வொன்றும் ஒவ்வொரு வேலைக்கு.

ஜப்பானில் 1977-ல் வந்த தாரோ கோமியின் புத்தகம், ஆங்கிலத்தில் 'எவ்ரிஒன் பூப்ஸ்'. பெரிய விலங்கு, சின்ன விலங்கு, மீன், பறவை, மனிதர் என எல்லோரும் சாப்பிடுகிறார்கள், அதனால் எல்லோரும் கக்கா போகிறார்கள் என்பதுதான் மொத்த விஷயமும். கூச்சத்தை உடைக்க இதைவிட எளிய வழி இல்லை. ஆனால் எப்படிப் போவது என்ற வரிசையைக் கற்றுக்கொள்ள இது போதாது.

இஸ்ரேலில் 1975-ல் வந்த அலோனா ஃபிராங்கெலின் புத்தகம், ஆங்கிலத்தில் 'ஒன்ஸ் அப்பான் எ பாட்டி'. தன் மகனுக்காக அவர் எழுதியது. பையனுக்கு ஒன்று, பெண்ணுக்கு ஒன்று என இரண்டு வடிவங்களில் கிடைக்கிறது. குழந்தை உட்கார்ந்து பார்க்கிறது, எதுவும் வருவதில்லை. சில முறை தவறியும் போகிறது. கடைசியில்தான் வருகிறது. தோல்வியை ஒளிக்காததுதான் இதன் பலம்.

டோனி ராஸின் 'ஐ வான்ட் மை பாட்டி' 1986-ல் இங்கிலாந்தில் வந்தது. ஒரு குட்டி இளவரசி, ஒரு பானை, அதைத் தேடி ஓடும் ஒரு அரண்மனை. கொஞ்சம் தாமதமாகிவிடும் என்பதையும் சிரிப்பாகவே சொல்கிறது. பழக ஆரம்பித்து, அவ்வப்போது தவறவிடும் குழந்தைக்கு நல்லது.

ஜெர்மனியில் 1989-ல் வெர்னர் ஹோல்ஸ்வார்த் எழுதி வுல்ஃப் எர்ல்ப்ருக் வரைந்த மூஞ்சூறு போன்ற அகழெலியின் கதையும் பிரபலம். தன் தலையில் கக்கா போனது யார் என்று அது தேடிப்போகும். இது வயிறு குலுங்கச் சிரிக்க மட்டும். பயிற்சிப் புத்தகம் என்று நினைத்து வாங்கினால் ஏமாந்துபோவீர்கள்.

நான்கும் நல்ல புத்தகங்கள்தான். ஆனால் இவற்றில் ஒன்றிலாவது தரையோடு பதித்த இண்டியன் டாய்லெட்டையோ, பக்கெட்டையோ, வாசலில் நிற்கும் வரிசையையோ தேடினால் கிடைக்காது.

மூன்று ஏரியா, மூன்று கழிப்பறை

மும்பைத் தமிழர்களின் வீட்டுக் குழந்தைகள் ஒரே மாதிரி கழிப்பறைக்குப் போவதில்லை. சில கிலோமீட்டருக்குள் மூன்று உலகம் இருக்கிறது.

செம்பூர்: புது டவர்களில் வெஸ்டர்ன் கமோடும் ஜெட் ஸ்ப்ரேயும். 2 வயதுக் குழந்தைக்கு அது ஒரு உயரமான நாற்காலி, நடுவில் ஓட்டை. கால் அந்தரத்தில் தொங்கும். கால் ஊன்றாமல் முக்குவது பெரியவர்களுக்கே கஷ்டம். ஃபிளஷ் சத்தம் வேறு. இங்கே வேண்டிய புத்தகம், காலுக்குக் கீழே ஸ்டூலும் மேலே குழந்தைகளுக்கான சின்ன சீட்டும் காட்டுவது. ஃபிளஷ் செய்வது யார், எப்போது என்று காட்டினால் இன்னும் நல்லது.

மாட்டுங்கா: பழைய கட்டடங்களில் இண்டியன் டாய்லெட் இன்னும் உண்டு. குத்துக்கால் போட்டு உட்காருவது குழந்தைக்கு இயல்பாக வரும். மணலில் விளையாடும்போது அப்படித்தான் உட்காருகிறது. பிரச்சினை வேறு: வழுக்கும் ஈரத் தரை, பெரியவர் காலடிக்காகச் செய்த அகலமான பீடம், கீழே தெரியும் குழி. பிளாஸ்டிக் பாட்டியில் ஜாலியாக உட்காரும் குழந்தையின் படம் இந்த வீட்டுக் குழந்தைக்கு ஒரு பொம்மையின் படம்தான்.

தாராவி: 10-க்கு 10 வீட்டில் கழிப்பறைக்கு இடமில்லாததால் இன்றும் நிறையக் குடும்பங்கள் பொதுக் கழிப்பறையை நம்பியிருக்கின்றன. நகர்ப்புறத் தூய்மை இந்தியா திட்டத்தின் கணக்கு, சமுதாயக் கழிப்பறையில் 35 ஆண்களுக்கு ஒரு சீட், 25 பெண்களுக்கு ஒரு சீட். இந்தக் கணக்கில் ஒரு ஆள் விட்டுப்போகிறார்: 'வருது' என்று சொன்ன பிறகு சில நிமிஷம்கூடத் தாங்க முடியாத 2 வயதுக்காரர். அதனால்தான் பல வீடுகளில் சின்னக் குழந்தைகள் மோரியிலோ, வாசலில் விரித்த பேப்பரிலோ போகிறார்கள். இங்கே வேண்டிய புத்தகம் இரண்டு கட்டமாக இருக்க வேண்டும். இப்போது வீட்டில் ஒரு சின்னப் பானை. வளர்ந்ததும் கையைப் பிடித்துக்கொண்டு பொதுக் கழிப்பறை. பானையில் இருப்பதைக் கழிப்பறையில் கொட்டி, கை கழுவும் பக்கமும் அவசியம். குழந்தையின் மலம் ஒன்றும் செய்யாது என்பது தவறான நம்பிக்கை. வயிற்றுப்போக்குக் கிருமிகள் அதிலிருந்தும் பரவும்.

தாராவியைப் பற்றிப் படித்துவிட்டு 'நம் வீட்டில் அட்டாச்டு பாத்ரூம் இருக்கே' என்று நகர்ந்துவிடாதீர்கள். ரயில் நிலையம், ஊர்த் திருவிழா, கிராமத்துத் தாத்தா வீடு என்று உங்கள் குழந்தையும் ஒருநாள் அறிமுகமில்லாத கழிப்பறை முன்னால் நிற்கும்.

குழந்தையின் பயத்தை முதலில் கவனித்தவர்கள்

இதில் மும்பைக்கு ஒரு பெருமையான முன்கதை உண்டு. குழந்தை எதற்குப் பயப்படுகிறது என்று உட்கார்ந்து யோசித்தவர்கள் இந்த நகரத்தின் நடைபாதைப் பெண்கள்.

1980-களில் பைகுல்லா நடைபாதைகளில் வாழ்ந்த பெண்களிடமிருந்து உருவானது மகிளா மிலன். அவர்களோடு சேர்ந்து வேலை செய்தவை ஸ்பார்க் அமைப்பும் தேசியக் குடிசைவாசிகள் கூட்டமைப்பும். அந்தக் கூட்டமைப்பின் தலைவர் ஜோக்கின் அற்புதம் ஒரு தமிழர். கோலார் தங்க வயலில் பிறந்து மும்பைக்கு வந்தவர். மான்கூர்டு ஜனதா காலனியில் வாழ்ந்து, அந்தக் காலனி 1976-ல் காலி செய்யப்படுவதை எதிர்த்துப் போராடியவர். 2000-ல் மகசேசே விருது பெற்றார். 2018-ல் மறைந்தார்.

இவர்கள் மும்பையிலும், 1999 முதல் புனேயில் பெரிய அளவிலும் சமுதாயக் கழிப்பறைகளை வடிவமைத்துக் கட்டினார்கள். கட்டும் முன் பெண்களிடம் பேசியபோது தெரிந்த விஷயம் இது: காலை வரிசையில் பெரியவர்கள் குழந்தைகளைத் தள்ளிவிட்டு முன்னால் போய்விடுகிறார்கள். உள்ளே போனால் இருட்டு, நாற்றம், விழுந்துவிடுவோமோ என்று தோன்றும் குழி. அதனால் குழந்தைகள் வெளியிலேயே உட்கார்ந்துவிடுகிறார்கள். ஆகவே குழந்தைகளுக்கென்று தனிப் பகுதி வைத்தார்கள். சின்ன அளவு பீடம், தடுமாறாமல் இருக்கப் பிடித்துக்கொள்ளக் கைப்பிடி, பெரிய குழி இல்லாத அமைப்பு.

குழந்தையைத் திட்டித் திருத்துவதற்குப் பதில் கழிப்பறையைத் திருத்தினார்கள். படப் புத்தகம் தேர்ந்தெடுக்கும்போதும் அவர்கள் கேட்ட கேள்வியையே கேளுங்கள்: என் குழந்தை எதற்குப் பயப்படுகிறது? இருட்டா, குழியா, சத்தமா, ஈரமா, தனியாக இருப்பதா? அந்தப் பயம் ஒரு பக்கத்திலாவது வருகிற புத்தகம்தான் உங்கள் வீட்டுக்கான புத்தகம்.

எந்தச் சொல்லில் வாசிப்பது?

மும்பைக் குழந்தைக்கு ஒரே விஷயத்துக்கு நாலு சொல். வீட்டில் கக்கா அல்லது ஆய். பிளேஸ்கூலில் பாட்டி. ஹிந்தி பேசும் பக்கத்து வீட்டில் சுசு. பார்த்துக்கொள்ளும் மராத்தி அக்காவிடம் 'ஷூ', 'ஷீ'. கொஞ்சம் வளர்ந்து தமிழ்ப் பள்ளிக்கூடம் போனால் 'ஒண்ணுக்கு', 'ரெண்டுக்கு' என்று கணக்குப் பாடமாகிவிடும்.

இதில் 'ஷீ'யைக் கொஞ்சம் கவனியுங்கள். தமிழ்க் காதில் அது 'சீ' என்று விழும். நாம் அருவருப்பில் சொல்லும் சொல். கக்காவுக்கும் 'சீச்சீ'க்கும் ஒரே ஓசை என்றால், தன் உடம்பிலிருந்து வருவது கேவலமானது என்று குழந்தை எடுத்துக்கொள்ள நேரம் ஆகாது. அப்படி எடுத்துக்கொண்ட குழந்தை சொல்லாமல் மறைக்கும், அடக்கும்.

அடக்குவது சின்ன விஷயம் இல்லை. அடக்கினால் மலம் இறுகும். இறுகினால் வலிக்கும். வலித்தால் அடுத்த முறை இன்னும் அடக்கும். குழந்தை மருத்துவர்கள் அதிகம் பார்க்கும் மலச்சிக்கல் சுழல் இதுதான்.

எனவே வீட்டில் எல்லோரும் கூடி ஒரு சொல்லை முடிவு செய்யுங்கள். பிளேஸ்கூலுக்கும், பார்த்துக்கொள்பவருக்கும் அந்தச் சொல்லைச் சொல்லிவிடுங்கள். புத்தகம் எந்த மொழியில் இருந்தாலும் வாசிக்கும்போது அந்தச் சொல்லையே போட்டு வாசியுங்கள். அச்சில் இருப்பதை அப்படியே படிக்க வேண்டும் என்று சட்டம் இல்லை.

கடையில் 5 நிமிஷம்: எண்ணிப் பாருங்கள்

டேட்டா வேலை பார்ப்பவள் என்பதால் எனக்கு எண்ணிப் பார்க்காமல் எதையும் நம்ப வராது. ஒரு புத்தகத்தைக் கையில் எடுத்ததும் இந்த ஐந்தையும் எண்ணுங்கள். அட்டை அழகைவிட இது நம்பகமானது.

1. உங்கள் வீட்டில் இருப்பது போன்ற கழிப்பறை எத்தனை பக்கத்தில் வருகிறது? ஒன்றுகூட இல்லை என்றால் அது சிரிக்க மட்டும் உதவும் புத்தகம். வாங்கலாம், ஆனால் அது மட்டும் போதாது.

2. 'வரலை' அல்லது தவறிப்போவது எத்தனை பக்கத்தில்? பூஜ்யம் என்றால் திரும்ப வைத்துவிடுங்கள். முதல் முறையே ஜெயிக்கும் குழந்தையைப் பார்த்தால் உங்கள் குழந்தை தோற்றதாக உணரும்.

3. தவறிப்போன பக்கத்தில் பெரியவரின் முகம் எப்படி இருக்கிறது? கோபமா, சிரிப்பா, சாதாரணமா? சாதாரணமாகத் துடைத்துவிட்டு ஜட்டி மாற்றும் முகம்தான் வேண்டும்.

4. தண்ணீரும் சோப்பும் எத்தனை பக்கத்தில்? கால் கழுவி, கை கழுவாமல் நம் வீட்டில் இந்தக் கதை முடியாது.

5. பரிசு எத்தனை முறை? ஒவ்வொரு தடவைக்கும் ஸ்டிக்கரோ சாக்லேட்டோ தரும் புத்தகம் என்றால், நீங்களும் தர வேண்டி வரும். 'இனிமே நீ பாப்பா இல்லை' என்று பெருமைப்படுத்தும் வரி இருந்தாலும் யோசியுங்கள். வீட்டில் தம்பிப் பாப்பா பிறந்திருக்கும் நேரத்தில் அது வேறு மாதிரி கேட்கும்.

மூன்றாவதுதான் ஐந்திலும் முக்கியம். 1987-ல் அமெரிக்கக் குழந்தை மருத்துவர் பார்ட்டன் ஷ்மிட், பெற்றோர் பொறுமை இழந்து குழந்தையிடம் கைநீட்டும் ஆபத்துள்ள ஏழு கட்டங்களைப் பட்டியலிட்டார். ஓயாத அழுகை, ராத்திரி விழிப்பு, சாப்பிட மறுப்பது ஆகியவற்றோடு கழிப்பறைப் பழக்கத்தை எதிர்ப்பதும் அதில் ஒன்று. ஆபீஸிலிருந்து ராத்திரி 9 மணிக்கு வந்து, நனைந்த மெத்தையைப் பார்க்கும்போது வரும் கோபம் உங்களுக்கு மட்டும் வருவது அல்ல. அந்த நொடியில் புத்தகத்தில் வரும் அம்மாவின் சாதாரண முகம் உங்களுக்கும் ஞாபகம் வர வேண்டும். இந்தப் புத்தகத்துக்கு இரண்டு வாசகர்கள். ஒருவருக்கு 2 வயது. இன்னொருவர் நீங்கள்.

கிடைக்கவில்லையா? நீங்களே செய்யலாம்

தமிழில் தேட இரண்டு நல்ல இடங்கள் உண்டு. சென்னையில் 1996-ல் தொடங்கிய தூலிகா, ஆங்கிலத்தோடு தமிழ், மராத்தி உள்பட எட்டு இந்திய மொழிகளில் படப் புத்தகங்கள் போடுகிறது. அவற்றில் வருவது நம் ஊர் வீடுகள், நம் ஊர் முகங்கள். பிரதம் புக்ஸ் 2015-ல் ஆரம்பித்த ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்ப் படக் கதைகளை இலவசமாகப் படிக்கலாம், பதிவிறக்கலாம், அச்சிடலாம். திறந்த உரிமத்தில் வருவதால் மொழிபெயர்க்கவும் மாற்றி எழுதவும் தடையில்லை.

ஆனால் உங்கள் வீட்டுக் கதவும், உங்கள் வீட்டு மக்கும் எந்தக் கடையிலும் கிடைக்காது. அதற்கு வேண்டியது ஒரு போன், ஒரு ஏ4 தாள், பக்கத்துத் தெரு ஜெராக்ஸ் கடை. தாளை மூன்று முறை பாதியாக மடித்துப் பிரித்தால் எட்டுக் கட்டம். நடுவில் ஒரு வெட்டு வெட்டி மடித்தால் எட்டுப் பக்கச் சின்னப் புத்தகம். பக்கத்துக்கு ஒரு போட்டோ, ஒரு வரி:

1. அட்டை: குழந்தையின் பெயர், அதன் செருப்பு.
2. வயிறு கூப்பிடுது. (சட்டை போட்ட வயிற்றில் கை.)
3. நான் பாட்டியைக் கூப்பிடறேன். (கூப்பிட வேண்டிய ஆள் யாரோ அவர்.)
4. இதுதான் கதவு. லைட் போட்டாச்சு. (பொதுக் கழிப்பறை என்றால் போகும் வழி.)
5. கால் இங்கே. கை இங்கே. (பீடம் அல்லது ஸ்டூல்.)
6. உட்கார்ந்தேன். வரலை. எழுந்துட்டேன். பரவாயில்லை.
7. வந்துடுச்சு! தண்ணி ஊத்தறோம். (பக்கெட், மக் அல்லது ஃபிளஷ்.)
8. சோப்பு, கை, துண்டு. முடிஞ்சுது.

ஒரே ஒரு கட்டாய விதி. குழந்தை உடையில்லாமல் இருக்கும் படம் ஒன்றுகூட எடுக்காதீர்கள். பொருளையும் இடத்தையும் எடுங்கள், உடம்பை வேண்டாம். எடுத்ததைக் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பிலும் போட வேண்டாம். இந்தப் புத்தகத்தின் ஒரே பிரதி உங்கள் வீட்டில் இருந்தால் போதும்.

எப்படி வாசிப்பது?

முதல் சில நாள், டயப்பரோடு மடியில் வைத்து வெறும் கதையாக வாசியுங்கள். பிறகு சாப்பிட்டு முடித்த கொஞ்ச நேரத்தில் உட்காரவைத்து வாசியுங்கள். வயிறு நிரம்பியதும் குடல் அசையும், அதனால் வர வாய்ப்பு அதிகம். ஐந்து நிமிஷம் போதும். கதை முடிந்தால் எழுந்துவிடலாம். வந்ததா இல்லையா என்று குழிக்குள் எட்டிப் பார்த்து விசாரணை வேண்டாம். போன் காட்டி உட்காரவைத்தால் குழந்தை அரை மணி நேரம் உட்காரும்தான், ஆனால் கவனம் போனில் இருக்கும், வயிற்றில் இருக்காது.

மலம் கழிக்கும்போது வலித்து அழுதாலோ, ரத்தம் தெரிந்தாலோ, பல நாள் போகாமல் வயிறு உப்பினாலோ, சிறுநீர் எரிச்சலோடு காய்ச்சல் வந்தாலோ, நன்றாகப் பழகிய குழந்தை வாரக்கணக்கில் மீண்டும் தவறவிட்டாலோ புத்தகத்தை மூடி வைத்துவிட்டு மருத்துவரைப் பாருங்கள். 4 வயதுக்குப் பிறகும் பகலில் பழக்கம் வரவில்லை என்றாலும் கேட்டுவிடுவது நல்லது. ராத்திரிப் படுக்கை நனைவது வேறு கணக்கு. 5 வயது வரை அதைப் பிரச்சினையாகவே மருத்துவர்கள் எடுத்துக்கொள்வதில்லை.

எங்கள் வீட்டுப் புத்தகத்தின் மூன்றாம் பக்கத்தில் என் மாமியார் கண்ணாடி போட்டுக்கொண்டு சிரிக்கிறார். ஏழாம் பக்கத்தில் நீல நிற மக். ஜெராக்ஸ் தாள் ஓரமெல்லாம் கசங்கி, ஒரு பக்கம் தண்ணீரில் ஊறி, இப்போது இருப்பது இரண்டாவது பதிப்பு. மகள் இன்னும் வாரத்துக்கு ஓரிரு தடவை தவறவிடுகிறாள். ஆனால் "கக்கா வருது, பாட்டி வா" என்று முழு வாக்கியமாகச் சொல்கிறாள். மாமியாரும் கண்ணாடியைக் கழற்ற நிற்காமல் எழுந்து வருகிறார்.